கலம் இழுத்த வரலாறு

கராடியில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பத்தாருள் பெரும்பாலோர் முளா–முட்டா ஆற்றைப் பாலத்தின் மீதிருந்து, அதுவும் மூக்கைப் பொத்திய வண்ணம், கண்டவர்களாகவே இருப்பர். அவ்வாற்று நீர் எங்குச் செல்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. கிழக்கு நோக்கி ஓடும் அந்நீர் தௌண்டு வட்டத்தில் பீமையிற் கலக்கிறது. பீமை, பண்டரிபுரத்தைத் தொட்டுக்கொண்டு கன்னட நாட்டிற் புகுந்து இராய்ச்சூர்ப் பக்கத்தில் கிருஷ்ணையைச் சேர்கிறது. கிருஷ்ணை விசயவாடாவை அடைகிறது. அங்கே அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்களுள் கொம்மமூர்க் கால்வாய் என்பதொன்று தெற்கே பெத்த கஞ்சம் வரை செல்கிறது. பெத்த கஞ்சத்தில் தொடங்குவது பக்கிங்காம் கால்வாய். அது சென்னை மாநகருக்கே வந்து, மேலும் தெற்கே மரக்காணம் வரை போகிறது. ஆகவே நம் குடியிருப்பின் அருகே ஓடும் நீருக்கும் நாம் விட்டுவந்த தமிழ்க்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டென்பதை நிலப்படத்தில் விரல் வைத்தே காணலாம். உஜனி, ஸ்ரீசைலம், நாகார்ஜுனசாகர் என அணைகள் பல குறுக்கே நிற்பதால் கலம் எதுவும் இவ்வழியே செல்லவியலாது என்பது வேறு செய்தி.

கடலில் ஓடும் கப்பலைப் பற்றித் தமிழில் நூல்கள் பல உண்டு. ஆற்றிலும் கால்வாயிலும் துறைமுக வாயிலிலும் பிற கலங்களை இழுத்துச் செல்லும் சிறு கலங்களைப் பற்றி எழுதினார் அரியர். துறைமுகத்தார் 'டக்' என்று வழங்கும் இழுவைக் கலத்திற்குப் பாய்மரமும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் அது தொடாமல் எப்பெருங் கப்பலும் துறையடைவதில்லை. அதன் வரலாறு நம் நாட்டு வரலாற்றோடும், எனக்குச் சோறிடும் இருப்புப்பாதையின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது. அதனை இயன்றவரை இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

நம் நாட்டில் இழுவைக் கலம் இருந்ததற்கு மிகப் பழைய சான்று இம்மேற்குக் கரையிலேயே கிடைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டிற் பெயர் அறியப்படாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூல், நருமதை முகத்துவாரத்தில் இருந்த பரிகாசா, அதாவது இன்றைய பரூச் துறையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அம்முகத்துவாரம் மணல்மேடுகளும் கொடிய ஏற்றவற்றங்களும் நிறைந்தது. ஆதலின் அரசனது பணியில் இருந்த உள்நாட்டு மீனவர், திரப்பகா, கொதும்பா என்னும் பெரிய படகுகளில் ஆட்களை நிறைத்துக்கொண்டு கடலுக்குள் வெகுதூரம் சென்று அயல்நாட்டுக் கலங்களை எதிர்கொள்வராம். பின்பு துடுப்பு வலித்து அவற்றைக் கட்டி இழுத்து, நீரேற்றம் தொடங்கும்போது நகர்த்தி, வற்றும்போது குறித்த இடங்களில் நிறுத்தி, துறைக்குக் கொண்டுவருவராம். இன்றைக்கு மும்பைத் துறைமுகத்தில் வழிகாட்டி மாலுமியும் டக்கும் செய்யும் பணி முழுவதும் இஃதே. இரண்டாயிரம் ஆண்டுகளில் மாறியது துடுப்பு மட்டுமே. அத்துறைக்கு மராட்டிய நாட்டுப் பைத்தானிலிருந்தும் தேரிலிருந்தும் சரக்குகள் வண்டிகளில் சென்றன என்றும் அந்நூல் கூறுகிறது.

அதே நூல் சோழக் கரையின் துறைகளையும் சொல்கிறது. அவற்றுள் சோபட்மா என்பது மரக்காணமே என ஆய்வாளர் கருதுவர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் அதுவே. நம் பட்டினப்பாலையோ, உப்பைக் கொடுத்து நெல்லை மாற்றிக்கொண்டு வந்த படகுகள் உப்பங்கழிக் கரையில், பந்தியிற் கட்டிய குதிரைகளைப்போல, வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. கழியில் உப்பு, ஆற்றின் வழியே நெல்: இவ்வாணிகம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதே கரையில் ஏறத்தாழ அதே முறையில் நடந்தது என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

ஓடும் நீரில் கீழ்நோக்கிச் செல்வது எளிது. எதிர்த்துச் செல்லக் காற்று வேண்டும். காற்றில்லையேல் கழியூன்றித் தள்ள வேண்டும். அதுவும் ஏலாவிடத்துக் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். மேனாடுகளில் இதற்குக் குதிரையைப் பூட்டினர். சாலையில் இரண்டு டன் பாரத்திற்கே திணறும் ஒரு குதிரை, கால்வாய்க் கரையில் நடந்து 30 டன் ஏற்றிய படகை இழுத்துவிடும். நீரின் தனிச்சிறப்பு அது. பாரத்தை அதுவே தாங்கிக்கொள்கிறது. இழுப்பவன் நகர்த்தினாற் போதும். நம் நாட்டிலோ குதிரைக்கு மாறாக மனிதன் தோள் கொடுத்தான்.

அத்தோள்களின் வரலாறே பக்கிங்காம் கால்வாயின் வரலாறு. 1801ஆம் ஆண்டு பேசில் காக்கிரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1806இல் படகுகள் ஓடின. 1837இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டு, வடக்கே ஆந்திரக் கரையிலும் தெற்கேயும் படிப்படியாக நீட்டியது. கடற்கரையை ஒட்டிய உப்பங்கழிகளை ஒன்றோடொன்று கோத்ததே வேலையின் பெரும்பகுதி. மொத்த நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர்.

சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் அளவுள்ள துண்டு 1877–78இல் வெட்டப்பட்டது. அவ்வாண்டுகளைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு நினைவு வைத்திருந்தனர். பசியால் நகருக்கு வந்து குவிந்த மக்களுக்கு நிவாரண வேலையாக இவ்வெட்டு கொடுக்கப்பட்டது. அப்பஞ்சத்தின்போது இந்திய அரசின் தூதராக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமே போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். மண் வெட்டும் உடலுக்கு அது போதாது என்பது அவர் வாதம். இங்கே தக்காணத்திலும் அதே கூலிக் குறைப்பை எதிர்த்து 1877இல் நிவாரணத் தொழிலாளர் வேலையை விட்டு எழுந்தனர். புனே சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்று அரசுக்கு முறையீடுகள் விடுத்தது. தமிழனும் மராட்டியனும் ஒரே ஆண்டில், ஒரே அளவுத் தானியத்திற்காக, ஒருவரை ஒருவர் அறியாமலே வருந்தினர். அக்காலத்து ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு இடப்பட்டது. வெட்டியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அக்கால்வாயில் உப்பு வந்தது. சவுக்கு விறகு வந்தது. நெல், கிளிஞ்சல், கருவாடு எல்லாம் வந்தன. சென்னை நகரத்து அடுப்புகள் பல்லாண்டு காலம் அப்படகுகளை நம்பியே எரிந்தன. சென்ட்ரல் நிலையத்தில் ஏறும் நம்மவர், வண்டி கிளம்பிய சில நிமிடங்களில் பேசின் பிரிட்ஜ் என்னும் நிலையத்தைக் கடக்கிறோம். அப்பெயரிலுள்ள 'பேசின்', கால்வாய்ப் படகுகள் வந்து தங்கிய நீர்த்துறையே. அதன் அருகிலுள்ள சரக்கு யார்டுக்குச் சால்ட் கொட்டார்ஸ் என்று பெயர். கொட்டாரம் என்னும் நம் சொல், உப்புக் களஞ்சியத்தைக் குறித்து ஆங்கிலேயன் வாயில் அவ்வாறு திரிந்தது. நாள்தோறும் சரக்குச் சீட்டுகளில் ஊர்ப்பெயர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இருப்புப்பாதையின் பெயர்ப்பலகையிலேயே கால்வாயின் நடுகல் நிற்பதாகத் தோன்றுகிறது. பாவேந்தர் பாரதிதாசன், இக்கால்வாயிற் படகேறி மாமல்லபுரம் சென்றதை 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாக்கியுள்ளார். நம் இல்லத்துப் பிள்ளைகள் அதனைத் தேடிப் படிப்பாராக.

இனி நீராவியின் காலத்துக்கு வருவோம். நீராவிப் பொறி நீரிற் செய்த தொடக்ககாலப் பயனுள்ள வேலைகளுள் ஒன்று இழுவை என்றால் பலர் வியப்பர். வில்லியம் சைமிங்டன் என்பார் ஸ்காட்லாந்தில் அமைத்த 'சார்லட் டண்டாஸ்' என்னும் கலம், 1803 மார்ச்சில், ஒவ்வொன்றும் 70 டன் கொண்ட இரு படகுகளைப் பின்னே கட்டிக்கொண்டு, கடும் எதிர்க்காற்றில் ஏறத்தாழ 19½ மைல் இழுத்துச் சென்றது. வெற்றி முழு வெற்றியே. ஆனால் சக்கரம் எழுப்பும் அலையால் கரை இடியும் என்று கால்வாய் உடைமையாளர் அஞ்சிக் கைவிட்டனர். எட்டுக் கலங்கள் வேண்டுமென்று கேட்ட பிரிட்ஜ்வாட்டர் கோமகனும் அதே ஆண்டில் இறந்தார். சைமிங்டன் பயன் பெறாமலே மாண்டார்.

இருபது ஆண்டு கழித்து, 1823இல், கல்கத்தாவின் கிடர்ப்பூரில் 'டயானா' என்னும் நீராவிக் கலம் நீரில் இறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பருமியப் போர் மூண்டது. அரசு அதனை விலைக்கு வாங்கி ஐராவதியில் செலுத்தியது. பாய்க்கப்பல்களை ஆற்றின் மேல்நோக்கி இழுத்துச் சென்றது அது. துடுப்பு வீரர் களைத்தாலும் அது களைக்கவில்லை. ஆற்று இழுவைக் கலம் வாணிகத்துக்கு முன்னே பேரரசுக்கு உதவிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

கங்கையில் 1834ஆம் ஆண்டு 'லார்டு வில்லியம் பெண்டிங்க்' என்னும் இரும்புக் கலம் ஓடத் தொடங்கியது. இதன் அமைப்பு அறியத்தக்கது. பொறி உள்ள கலத்தில் பயணிகள் ஏறுவதில்லை. அதன் பின்னே கட்டிய தட்டைப் படகில் ஏறுவர். காரணம் எளியது. பொறியையும் கொதிகலனையும் பயணிகளையும் ஒரே கலத்தில் ஏற்றினால் அது ஆழ்ந்து மணலில் தட்டும். பாரத்தை இரண்டு கலங்களுக்குப் பகிர்ந்தால் இரண்டும் மேலே மிதக்கும். அனலும் புகையும் பயணியைத் தொடா. கல்கத்தாவிலிருந்து அலகாபாத்திற்கு மேல்நோக்கிச் செல்ல மூன்று வாரம் ஆயிற்று. கட்டணமோ அதிகாரிகளுக்கும் கருவூலப் பணத்துக்குமே ஏற்றது. எளிய மக்களின் தானியம் நாட்டுப் படகுகளிலேயே, பழைய கயிற்றாலேயே, சென்றது. 1860களின் நடுவில் இருப்புப்பாதை தில்லியை எட்டியதும் மூன்று வாரப் பயணத்திற்கு ஆளில்லை.

இருப்புப்பாதையா, நீர்வழியா என்னும் வழக்கில் பேர்பெற்ற வழக்காளி சர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் 1836இலும், கோதாவரியில் தவளேசுவரத்தில் 1852இலும் அணைகளை முடித்துத் தஞ்சை, கோதாவரி மாவட்டங்களைச் செழிக்கச் செய்தவர் அவர். ஒரு கால்வாய் வெட்டினால் பாசனமும் கிடைக்கும், போக்குவரத்தும் கிடைக்கும், பஞ்சமும் நீங்கும்; இருப்புப்பாதையோ தானியத்தைக் கொண்டுசெல்லுமே தவிர ஒரு மணியையும் விளைவிக்காது என்பது அவர் வாதம். 1878இல் இலண்டன் நாடாளுமன்றக் குழுவின் முன்னரும் இதையே சொன்னார். குழு ஏற்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை: இந்திய மண்ணில் முதன்முதல் இருப்புப்பாதை அமைத்தவரும் இதே காட்டன்தான்! 1837இல் சென்னைச் செங்குன்றத்திலிருந்து சாலைக்குக் கல் கொண்டுவர அவர் அமைத்த பாதை அது. மும்பை–தாணே வண்டி ஓடியது 1853இலேயாம். இச்செய்தியை என்னோடு பணிபுரியும் மராட்டிய நண்பர்கள் எளிதில் ஒப்புவதில்லை.

காட்டன் கூறியது முற்றும் சரியா? என் கருத்தில் பாதி சரி. டெல்டா நிலத்தில் அவர் கணக்குப் பொய்க்கவில்லை. ஆனால் அவர் தூண்டுதலால் 1858இல் தோன்றிய கம்பெனி வெட்டிய கர்நூல்–கடப்பைக் கால்வாய், நீரும் படகும் சேர்ந்து ஈட்டும் என்ற நம்பிக்கையைப் பொய்யாக்கி, இறுதியில் 1882இல் அரசின் தலையில் விழுந்தது. மேட்டு நிலத்தில் கால்வாய்க்குப் படிக்குப் படி மடைக்கதவு வேண்டும்; கோடையில் நீர் வேண்டும். போர்க் கணவாயில் ஏறிவரும் புகைவண்டியைப் பார்த்த எவரும் அங்கே படகை எண்ணார். அரசு செய்த பிழை இருப்புப்பாதை போட்டது அன்று. நீர்வழி இயற்கையாகவே அமைந்த இடங்களிலும் அதனைப் பேணாமல் விட்டதே.

பக்கிங்காம் கால்வாய்க்கு இணையாகச் சென்னை–விசயவாடா இருப்புப்பாதை 1899இல் திறக்கப்பட்டது. பயணிகள் முதலிற் போயினர். பின்பு லாரி வந்து சரக்கையும் கொண்டுபோயிற்று. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் கரைகளை உடைத்தன, மணல் தூர்ந்தது, நகரத்தின் கழிவு அதில் இறங்கியது. 1995 முதல் சென்னையில் ஓடும் பறக்கும் இருப்புப்பாதையின் தூண்கள் கால்வாயின் உடலிலேயே ஊன்றப்பட்டன. கால்வாய்க்கு நாங்கள் செய்த கடைசி மரியாதை அது என்று இருப்புப்பாதையான் ஒருவன் சொன்னால் சினக்கலாகாது. ஆயினும் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, கைவிடப்பட்ட இதே கால்வாய் பல இடங்களில் அலைநீரைத் தன்னுள் வாங்கி உள்நாட்டு ஊர்களைக் காத்தது. 2008இல் இது தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சென்னை நகருக்குள் அதன்மேல் சரக்குப் படகு இன்றும் ஓடவில்லை.

இன்றைய இழுவைக் கலம் எப்படிப்பட்டது? 30 மீட்டர் நீளந்தான் இருக்கும். ஆனால் உடலின் பெரும்பகுதி பொறியே. அதன் அடியிலுள்ள உந்திகள் முழு வட்டமாகத் திரும்பக்கூடியவை. ஆதலின் முன், பின், பக்கம் என எத்திசையிலும் இழுக்கும், தள்ளும். அதன் ஆற்றலைக் குதிரைத்திறனால் மட்டும் அளப்பதில்லை. கரையிலுள்ள தூணில் கட்டி இழுக்கச் செய்து எத்தனை டன் விசை காட்டுகிறது என்று பார்ப்பர். 60, 70 டன் காட்டுபவை இன்று இயல்பு. அமெரிக்க மிசிசிப்பி ஆற்றில் இழுப்பதே இல்லை. பதினைந்து மிதவைகளைக் கம்பியால் ஒன்றாகப் பிணைத்துப் பின்னிருந்து தள்ளுகின்றனர். பெயர் மட்டும் இன்றும் இழுவைப் படகு! அவ்வாறு பிணைத்த ஒரு தொகுதி 20,000 டன்னை எளிதில் சுமக்கும். நம் நிலக்கரி ரேக் ஒன்று 58 வேகன்களில் கொள்வது 4,000 டன்னை ஒட்டியதே. ஐந்து சரக்கு வண்டிகளின் வேலையை ஒரு படகு செய்கிறது. காட்டன் இருந்திருந்தால் இக்கணக்கை எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பார்.

கப்பல்கள் பெருக்கப் பெருக்க, இழுவைக் கலத்தின் இன்றியமையாமையும் பெருகுகிறது. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலக வாணிகத்தையே நிறுத்தியது. தூர்வாரிகள் மணலை அகற்ற, பத்துக்கும் மேற்பட்ட இழுவைக் கலங்கள் பௌர்ணமி ஏற்றத்தில் இழுத்து அதனை விடுவித்தன. அக்கப்பலின் பணியாளர் 25 பேரும் இந்தியர். 2024 மார்ச் 26 விடியற்காலையில், கொழும்பு நோக்கிப் புறப்பட்ட 'டாலி' என்னும் கப்பல், பால்டிமோர் நகரில் மின்சாரம் இழந்து பாலத்தூணில் மோதியது. பாலத்தில் பணிசெய்த அறுவர் மாண்டனர். துறையிலிருந்து வெளியே கொண்டுவந்த இழுவைக் கலங்கள் சற்று முன்னர்தான் கயிற்றை அவிழ்த்துத் திரும்பியிருந்தன. அக்கப்பலின் பணியாளரும் ஓர் இலங்கையர் நீங்கலாக இந்தியரே. நம் குடியிருப்புகளிலும் கப்பற்பணிக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் உண்டு. அயல்நாட்டுச் செய்தி என்று நாம் அதனை ஒதுக்க இயலாது.

நம் நாட்டில் உள்நாட்டு நீர்வழி ஆணையம் 1986இல் அமைந்தது. 2016இல் வந்த சட்டம் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகளாக அறிவித்தது. நம் ஆறு கலக்கும் பீமையின் ஒரு பகுதியும் அப்பட்டியலில் உண்டு. ஆனால் பட்டியலில் ஏறுவது வேறு, படகில் ஏறுவது வேறு. 1917ஆம் ஆண்டின் பழைய கலச் சட்டத்தை நீக்கி 2021இல் புதிய சட்டம் வந்தது. 2018 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து பெட்டகங்கள் ஏற்றிய கலம் கங்கை வழியே வாரணாசியை அடைந்தது. நீர்வழிச் சரக்கு 2013–14இல் சுமார் 1.8 கோடி டன்னாக இருந்து, 2023–24இல் 13.3 கோடி டன்னாயிற்று. இதில் ஒரு பங்கு நமக்கு அண்மையிலேயே நடக்கிறது. இராய்கட் மாவட்டத்து அம்பா ஆற்றில் தரம்தர் துறைக்கு, எஃகு ஆலைக்கான தாதும் கரியும் மிதவைகளில் வருகின்றன. அலிபாகுக்குச் சுற்றுலா செல்லும் அன்பர்கள் வழியில் நின்று காணலாம்.

இப்போது மாறிவருவது எரிபொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்துத் துறைமுகத்தில் 2022 முதல் 'ஸ்பார்க்கி' என்னும் இழுவைக் கலம் முழுவதும் மின்கலத்தால் இயங்கி 70 டன் விசையில் இழுக்கிறது. உலகக் கடல்சார் அமைப்பு 2050ஐ ஒட்டிக் கப்பற்புகையை நிகரச் சுழியமாக்க 2023இல் குறிக்கோள் வகுத்தது. இந்திய அரசு 2024 ஆகஸ்டில் பசுமை இழுவைக் கலத் திட்டத்தைத் தொடங்கியது. 2027 முடிவதற்குள் நான்கு பெருந்துறைமுகங்கள் குறைந்தது இவ்விரண்டு பசுமைக் கலங்களைப் பெற வேண்டும்; 2040க்குள் பெருந்துறைமுகங்களின் இழுவைக் கலம் யாவும் பசுமையாக வேண்டும் என்பது ஏற்பாடு. கண்ட்லாவின் தீனதயாள், மும்பைக்கு எதிரேயுள்ள ஜவகர்லால் நேரு, ஒடிசாவின் பாரதீப், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் ஆகியவை அந்நான்கு.

அந்நான்காம் பெயரைக் கேட்டதும் தமிழர் உள்ளம் நிமிரும். 1906 அக்டோபர் 16இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்த சிதம்பரனார், 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களைக் கொணர்ந்து கொழும்புக்கு ஓட்டினார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தும், குடை கொடுத்தும் பயணிகளை இழுத்தது. 1908இல் அவர் சிறைப்பட்டுச் செக்கிழுத்தார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. அக்காலத்தில் தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகளே சரக்கைக் கரைக்கும் கப்பலுக்குமாகச் சுமந்தன. ஆழ்துறைமுகம் திறக்கப்பட்டது 1974 ஜூலை 11இல். அவர் பெயர் அதற்கு இடப்பட்டது 2011இல். இன்று அங்கே பெருங்கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கின்றன. அவற்றைத் துறைக்குள் இழுத்துவர, முற்கூறிய திட்டப்படி, புகையில்லா இழுவைக் கலம் இரண்டு வர வேண்டும்.